செய்முறை நோட்டில் இல்லாத பக்கம்

மதுரைப் பக்கத்து வீடுகளில் பீரோவுக்குள், பத்திரங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு நீள நோட்டு இருக்கும். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், வீடு குடிபோனது, கேதம் என்று யார் யார் என்ன செய்தார்கள் என்பது அதில் எழுதியிருக்கும். உசிலம்பட்டி மாமா 501, பேரையூர்ச் சித்தப்பா ஒரு குத்துவிளக்கு, மேலூர்ச் சம்பந்தி அரைப் பவுன். வாங்கினதைத் திருப்பிச் செய்யாமல் கண்ணை மூடினால் அது பிள்ளைகள் தலையில் விழும். எங்கள் வீட்டு நோட்டு அப்பாவின் கல்யாணத்தோடு தொடங்குகிறது. அப்பத்தா இறந்தபோது கோடி எடுத்து வந்தவர்கள், பதினாறாம் நாளுக்கு அரிசி மூட்டை இறக்கியவர்கள், பந்தல்காரருக்கு முன்பணம் கொடுத்தவர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். அதே அப்பத்தா அதற்கு முன்னால் கெடையாகக் கிடந்த வருடங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அம்மாதான் பார்த்தாள். என்ன செலவானது, யார் கொடுத்தார்கள், எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டால் இன்று சொல்ல ஆளில்லை.

அப்பா விழுந்த பிறகுதான் அந்த நோட்டை நான் முழுதாகப் புரட்டினேன்.

அப்பா ஹார்வி மில் தொழிலாளி. ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய ஆலை அது. பின்னால் மதுரா கோட்ஸ் என்று பேர் மாறினாலும் எங்கள் ஜனங்களுக்குக் கடைசி வரை ஹார்வி மில்தான். திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் ஆலைத் தொழிலாளர்களுக்கென்று உருவான ஹார்விப்பட்டியில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு. ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பி.எஃப். பணமும் கிராஜுவிட்டியும் தங்கச்சி கல்யாணத்துக்கும் தம்பி படிப்புக்கும் போயின. மாதாமாதம் வந்த பென்சன் சில நூறு ரூபாய். 2014 செப்டம்பரில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்று ஆனபோது, பாஸ்புக்கில் வரவு விழுந்த பக்கத்தைத் திருப்பி என்னிடம் நீட்டினார். பஞ்சுத் தூசியையே வாழ்நாளெல்லாம் சுவாசித்த மனிதர். அவர் முகத்தில் சந்தோசம்தான் இருந்தது, எனக்குத்தான் வயிறெரிந்தது.

பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களுக்குப் பெரிய கஷ்டமில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது, தம்பி பணம் அனுப்பினான், சொந்தக்காரர்கள் முறை வைத்து வந்து படுத்தார்கள். கஷ்டம் தொடங்கியது, "இனி வீட்டில வச்சுப் பாத்துக்கங்க" என்று டாக்டர் சொன்ன நிமிசத்தில். காப்பீடு என்பது ஆஸ்பத்திரிக் கட்டிலோடு நின்றுவிடுகிற விசயம். வீட்டுக் கட்டிலில் படுத்தவருக்கு அது பேசாது. 70 வயது தாண்டியவர்களுக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் கொண்டுவந்த காப்பீடும் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கானதுதான். விழுந்தவரைத் தூக்கி உட்காரவைக்க, துடைக்க, திருப்பிப் போட, ஊட்டிவிட ஆகும் செலவு எந்த அட்டையிலும் ஏறாது. ஆனால் முதுமையில் நீண்டு கிடப்பது அந்தச் செலவுதான்.

பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கி வந்தார்கள். அடுப்பங்கரை அலமாரியில் அவை வரிசையாக நின்றன. அப்பாவுக்குச் சர்க்கரை.

செய்முறை நோட்டின் பின்பக்கத்தில் நான் எழுதத் தொடங்கினேன். காற்று மெத்தை. டயாப்பர், நாளைக்கு மூன்று. யூரின் பை, கேதீட்டர் மாற்ற வரும் சிஸ்டருக்கு, கையுறை, டெட்டால், தேங்காய் எண்ணெய், கஞ்சி மாவு, பிசியோதெரபி செய்கிற தம்பிக்கு. இவற்றுக்கெல்லாம் தலைமேல் ஒரு வரி: ஆள். ஏஜென்சி மூலமாக இருபத்து நாலு மணி நேரமும் வீட்டோடு இருக்க ஆள் வைத்தால் மாதம் இருபதாயிரத்துக்குக் குறைந்து பேச்சே இல்லை. சாப்பாடு தனி. முதல் மாதம் ஏஜென்சிக்கு ஒரு தொகை. சித்திரைத் திருவிழா வந்தால் யாரும் கிடைக்க மாட்டார்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற வாரத்தில் எந்த ஏஜென்சிக்குப் போன் போட்டாலும் "திருவிழா முடியட்டும்மா" என்பார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் முப்பதாயிரத்தைத் தொட்டது. அப்பாவின் பென்சனால் பத்து நாள் டயாப்பர் வாங்கலாம்.

அந்த நோட்டில் எழுத முடியாத ஒன்றும் இருந்தது. ஏஜென்சி ஆள் வருவதற்கு முன்னும், வந்த ஆள் சொல்லாமல் போன வாரங்களிலும் பார்த்தது என் அண்ணி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடாவிட்டால் படுக்கைப் புண் வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தனி ஆளாகத் திருப்புவதற்கு அண்ணி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அப்பாவுக்குக் கீழே நாலாக மடித்த பழைய பருத்திச் சேலை. அதன் ஓரத்தைக் கையில் சுருட்டிப் பிடித்து, ஒரு முழங்காலைக் கட்டிலில் ஊன்றி, "மாமா, மூச்ச இழுத்துப் பிடிங்க" என்று சொல்லி ஒரே இழுப்பு. முதுகில் கை கொடுத்துத் தலையணையை அண்டை கொடுப்பார். பிறகு குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டு. பிறகு இடுப்பெலும்புக்கு மேல் சிவந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்ப்பார். அழுத்தின இடம் வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பயமில்லை, வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண்ணுக்கு ஆரம்பம். ராத்திரி பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்து. அப்பா காலமான பின் அண்ணிக்கு வந்த முதுகுவலி இன்னும் போகவில்லை.

மாதம் பிறந்தால் தம்பி அனுப்பிய பணம் நோட்டில் தேதியோடு ஏறியது. என் பங்கும் ஏறியது. ஊரில் பேச்சு வந்தபோது, "சின்னவன்தான் தாங்குறான்" என்றார்கள். நான் ஒருநாள் உட்கார்ந்து, ஏஜென்சிக்காரர் சொன்ன சம்பளத்தையே அளவாக வைத்து, அண்ணி பார்த்த மாதங்களுக்குக் கணக்குப் போட்டு எழுதி, தம்பியிடம் காட்டினேன். எங்கள் மூவரில் அதிகம் போட்டது அண்ணிதான். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இத முன்னாலயே எழுதியிருக்கணும்க்கா" என்றான். எல்லா வீட்டிலும் இதை எழுத வேண்டும் என்பதே என் எண்ணம். எழுதினால்தான் அது தர்மமாகவோ தலையெழுத்தாகவோ இல்லாமல் ஒரு பங்காக நிற்கும்.

கணக்கு எழுதாத காலத்தில் என்ன நடந்தது என்று எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியும். வெளியில் சொல்வதில்லை. அப்பத்தாவின் ஊர் திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காட்டில். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தி, இல்லாவிட்டால் கூலி. சின்ன வயதில் கோடை விடுமுறைக்குப் போயிருந்தபோது, இரண்டு வீடு தள்ளிக் கிடையில் கிடந்த ஒரு தாத்தாவைப் பற்றி, "தலைக்கு ஊத்திட்டாக" என்று அடுப்படியில் யாரோ சொல்ல, அப்பத்தா வெடுக்கென்று திரும்பி எங்களை வெளியே போய் விளையாடச் சொன்னது ஞாபகமிருக்கிறது. கிடையில் கிடப்பவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவிடுகிற அந்த வழக்கத்துக்குத் தலைக்கூத்தல் என்று பெயர் இருப்பதைப் பத்திரிகையில் படித்தது வெகுகாலம் கழித்து. 2010-ல் விருதுநகர் மாவட்டத்தில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர், தனக்கு நாள் குறித்திருப்பதைக் காதில் வாங்கித் தப்பித்துப் போனார் என்ற செய்தி வந்தபோதுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. பிரியா கிருஷ்ணசுவாமியின் ‘பாரம்’ படம் பிற்பாடு வந்தது; சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் பெற்றது.

அது கொலைதான். அதில் எனக்கு இரண்டு பேச்சில்லை. ஆனால் அந்த ஜனங்களை அரக்கர்கள் என்று சொல்லிவிட்டு நகர்கிறவர்களோடும் என்னால் சேர முடியாது. கரிசல் காட்டு வீட்டில் கிடையில் கிடப்பவர் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்தால் அன்றைக்கு அவள் கூலி போச்சு. இரண்டு பேர் கூலியில் ஓடுகிற வீட்டில் பாதி வருமானம் நின்றால், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் சேர்ந்துதான் பட்டினி கிடக்கும். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-லேயே, மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிவிட்டது. அப்பத்தா அந்த மணியார்டருக்காகத் திண்ணையில் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். 2023 ஆகஸ்டிலிருந்து அது 1,200. அரிசி ரேசனில் கிடைப்பதால் உயிர் வாழப் போதும். கிடையில் விழுந்தால் போதாது. விழுந்தவருக்குக் கூடுதல் என்றோ, பார்க்கிறவளுக்குக் கூலி என்றோ சேர்த்துக் கொடுத்திருந்தால் எத்தனை வீட்டில் அந்த எண்ணெய்க் கிண்ணம் எடுக்காமலே போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஹார்விப்பட்டி வீட்டுக்கு வருகிறேன். அப்பா நடமாட்டமாக இருந்தபோதே வீட்டை அண்ணன் பேருக்கு எழுதிவைத்துவிடச் சொல்லி ஆளாளுக்குச் சொன்னார்கள். "எழுதிக் குடுத்துருங்கய்யா, கடசிக் காலத்துல கஞ்சி ஊத்துவான்" என்று தெருமுனை டீக்கடையில் ஒருவர். அண்ணன் நல்லவன், ஊத்தத்தான் செய்தான். ஆனாலும் அப்பா எழுதவில்லை. "நான் போனதுக்கப்புறம் எல்லாரும் பேசிக்கங்க" என்றார். அந்த ஒரு முடிவால்தான், செலவு தலைக்கு மேல் போனபோது வீட்டை வைத்துக் கடன் வாங்க அவர் பேரிலேயே முடிந்தது. தானசெட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டு வாசல் திண்ணைக்கு வந்துவிட்டவர்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம்.

அப்படிப்பட்டவர்களுக்காக வந்ததுதான் 2007-ன் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம். அங்கே வக்கீல் வைக்க வேண்டியதில்லை, வயதானவர் தானே வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுக்கலாம். மாதப் பராமரிப்புக்குச் சட்டம் வைத்த உச்சவரம்பு 10,000 ரூபாய். 2007-ல் அது பெரிய தொகையாகப் பட்டிருக்கும், இன்றைக்கு ஆள் சம்பளத்தில் பாதி. அதன் 23-ஆம் பிரிவு முக்கியமானது. பார்த்துக்கொள்வான் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பார்க்காமல் விட்டால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அந்த நிபந்தனை பத்திரத்தில் இருந்தே ஆகவேண்டும் என்பதுபோல உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் ஒரு தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகவே பொருள் கொள்ளவேண்டும் என்றது. அந்த மார்ச்சில் நாகப்பட்டினத்து வழக்கு ஒன்றில், அன்பின் பேரில் எழுதிக் கொடுத்ததற்குள்ளேயே பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனாலும் எண்பது வயதில் நீதிமன்றப் படியேறி அதை நிரூபிக்கும் தெம்பு யாருக்கு இருக்கிறது? எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், பத்திர எழுத்தரிடம் உட்கார்ந்து, உணவு, மருந்து, இருக்க இடம், ஆள் வைத்துப் பார்ப்பது எல்லாம் இன்னார் பொறுப்பு, தவறினால் ரத்து என்று வாய்விட்டுச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். மகனிடம் இப்படிக் கேட்பது கூச்சமாக இருக்கும். கூச்சத்தை அன்றைக்கே முடித்துவிடலாம்.

அப்பா விழுவதற்கு முன்னாலேயே அம்மாவுக்குக் கண் மங்கியது. அண்ணா நகர் அரவிந்த் ஆஸ்பத்திரியில் புரை எடுத்தோம். அம்மா கட்டு அவிழ்த்த மறுநாள் அரிசியில் கல் பொறுக்கினாள். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல், அரசு வேலையில் 58 வயதில் ஓய்வு பெற்ற பின்னர், 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. மூட்டுவாதத்தால் கோணிப்போன விரல்களை வைத்துக்கொண்டே அறுவை செய்தவர். பணம் கொடுக்கிறவர்களிடமிருந்து வருவதை வைத்து இல்லாதவர்களுக்கும் பார்த்தார்கள். லென்ஸ் விலை எட்டாமல் இருந்தபோது 1992-ல் ஆரோலேப் தொடங்கி இங்கேயே செய்தார்கள். ஊர் ஊராக முகாம் போட்டு, பஸ் வைத்துக் கூட்டிவந்து, திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். வயதான காலத்துக் குருட்டை விதி என்று விடாமல் தீர்க்கக்கூடிய காரியமாக்கியது இந்த ஊர். அதே ஊரில் ஒரு மனிதர் கிடையில் விழுந்தால் ஏன் ஒவ்வொரு வீடும் தனித்தனியாகத் தலையில் கைவைக்கிறது என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. புரை ஒரு நாளில் எடுக்கக்கூடியது, கிடை வருடக்கணக்கு, அது உண்மைதான். ஆனால் முடியாத காரியமில்லை. கோழிக்கோட்டில் 1993-ல் சில டாக்டர்கள் தொடங்கிய வலிநிவாரணச் சங்கம் அக்கம்பக்கத்துத் தொண்டர்களைச் சேர்த்து வளர்ந்து, கேரள அரசே 2008-ல் அதைக் கொள்கையாக்கி, பஞ்சாயத்து நர்ஸ் வீட்டுக்கு வருகிறார். நம்மிடமும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் தருகிறார்கள். அதன் மேல் கட்டலாம். கட்டியாக வேண்டும்: தமிழ்நாட்டு ஜனத்தொகையில் அறுபது தாண்டியவர்கள் 2021-ல் 13.6 சதவீதம், 2031-ல் 18.2 ஆகும் என்று மத்திய அரசின் மதிப்பீடே சொல்கிறது.

ஜெர்மனியில் 1995 முதல் இதற்கென்றே தனிக் காப்பீடு. வீட்டில் வைத்துப் பார்த்தால் குடும்பத்துக்குப் பணம் கொடுக்கிறார்கள். பார்க்கிற மகளுக்கோ மருமகளுக்கோ அந்தக் காலத்துக்கு ஓய்வூதியச் சந்தாவும் கட்டப்படுகிறது. ஜப்பானில் 2000-லிருந்து நாற்பது வயது வந்த எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். அண்ணியிடம் இதைச் சொன்னேன். "அங்கிட்டுப் பொறந்திருக்கலாம்ல" என்று சிரித்துவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

எனக்கு இப்போது ஆசிரியர் பென்சன் வருகிறது. 2003 ஏப்ரலுக்கு முன் சேர்ந்ததால் பழைய திட்டம். எனக்குப் பின்னால் வந்த டீச்சர்களுக்கு அது இல்லை. தபால் ஆபீசில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருக்கிறேன். அதில் உச்சவரம்பான 30 லட்சத்தையும் ஒருவர் போட்டால்கூட, இன்றைய 8.2 சதவீத வட்டிக்கு மூன்று மாதத்துக்கு 61,500 வரும், மாதத்துக்கு 20,500. ஆள் சம்பளம் மட்டும் சரியாகப் போகும். டயாப்பருக்கு வேறு வழி பார்க்கவேண்டும். முப்பது லட்சம் வைத்திருப்பவர்கள் கதையே இது. அதனால் மகளையும் மகனையும் ஒரே நேரத்தில் வீடியோ காலில் உட்காரவைத்துப் பேசினேன். எந்தப் பணம் எதற்கு, வீடு என் காலம் வரை என் பேரில், என்னைப் பார்க்கிறவருக்குச் சம்பளம், அது பெற்ற மகளாகவே இருந்தாலும். குழாய்களோடு இழுத்துப் பிடித்து வைக்கவேண்டாம் என்று ஒரு மருத்துவ உயிலும் எழுதியிருக்கிறேன். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் அதை அனுமதித்தது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியும் போதும் என்று ஆக்கியது. மகள் அழுதாள். "ஏம்மா இப்பவே இதெல்லாம்?" என்றாள். நடந்து போய்க் கையெழுத்துப் போட முடிகிறபோதே போடவேண்டிய காகிதம் இது என்றேன்.

அப்பாவைக் கடைசிவரை பார்த்தவர் கள்ளிக்குடிப் பக்கத்து அம்மா ஒருவர். என்னை டீச்சர் என்பார், அப்பாவை அய்யா. புருசன் இல்லை. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தது எல்லாம் இந்த வேலையில்தான். ஏஜென்சிக்குப் போகும் கழிவு போக அவர் கைக்கு வந்தது எவ்வளவு என்று அப்பா காலமான பிறகுதான் சொன்னார். அந்த வயதில் அடல் பென்சனில் சேர முடியாது. நாற்பதோடு கதவு சாத்திவிடுகிறது. வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது என்பதும், அதில் பதிந்தால் வயதான பின் ஓய்வூதியம் உண்டு என்பதும் அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வீட்டில் வேலை பார்த்தும் யாரும் சொல்லவில்லை. போன மாதம் ஆதார், ரேசன் கார்டு, போட்டோ எல்லாம் எடுத்துவரச் சொல்லி விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தோம். இப்போது அவர் கே.கே. நகரில் ஒரு பாட்டியைப் பார்க்கிறார். அங்கே வேலை பார்க்கிறார் என்பதற்குச் சான்றாக அந்த வீட்டில் ஒரு கையெழுத்து கேட்டாராம். பின்னால் ஏதாவது வம்பு வருமோ என்று வீட்டுக்காரம்மா யோசிக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை நான் கூடப் போய்ப் பேசுவதாக இருக்கிறேன்.